அண்ணனின் தொப்பையும் வலிக்காத ஒரு வியாதியும்

என் அண்ணனுக்கு டீ கிளாஸ் வைக்க முக்காலி தேவைப்பட்டதில்லை. ஈசிசேரில் சாய்ந்ததும் கிளாஸைத் தன் தொப்பையின் மேலேயே வைத்துக்கொள்வார். பேசுவார், சிரிப்பார், பேப்பர் புரட்டுவார். கிளாஸ் ஆடுமே தவிர கவிழாது. அதைப் பார்ப்பதற்கென்றே அவருடைய பிள்ளைகள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அது எழுபதுகளின் பிற்பகுதி. ஆம்பூரில் ஒரு டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, பச்சைத்தோல் வாங்கிக் கொடுப்பது அண்ணனின் வேலை. வாரத்தில் பாதி நாள் நாட்றம்பள்ளி, கிருஷ்ணகிரி, வாலாஜாபேட்டை என்று சுற்றுவார். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் கொண்டுவரும் வியாபாரிகளிடம் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். மேலே வாய் என்னவோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கீழே விரல்கள் பேரம் பேசும். இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் அண்ணனைப் போலச் செய்யக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை என்று அவருடைய முதலாளியே சொல்லுவாராம்.

தொப்பையும் தொழிலுக்கு உதவுகிறது என்பது அண்ணனின் கட்சி. "ஒல்லிப்பிச்சானா போய் நின்னா எவன் கடனுக்குத் தோலு குடுப்பான்? வயித்தைப் பார்த்தாத்தான் பார்ட்டி கெட்டின்னு நம்புவான்" என்பார். எங்கள் உறவுக்காரர்களும் அப்படித்தான். ஒருவரைப் பார்த்து "நல்லா இருக்கீங்க" என்றால் போன தடவையை விடப் பெருத்திருக்கிறார் என்று அர்த்தம். டிசம்பர் வந்தால் சபையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்கு வேறு ஆளைத் தேடியதே இல்லை. சிவப்பு அங்கியை அண்ணனின் அளவுக்கே தைத்து வைத்திருந்தார்கள்.

நான் அவருக்கு எட்டு வயது இளையவள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய்விடுவேன். ஒருமுறை போகும்போது ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கொண்டுபோயிருந்தேன். எதிர்வீட்டில் வயதான ஒருவருக்குப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் சும்மா அண்ணனின் கையிலும் கட்டிப் பார்த்தேன். பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்து, காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

"இன்னா பாப்பா, ரெண்டு தரம் அமுக்கற?"

"ஜாஸ்தியா இருக்குண்ணா. ரொம்ப ஜாஸ்தி."

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே. தலைவலி கூட வராது எனக்கு."

அவரை இழுத்துக்கொண்டுபோய் ஆம்பூரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அண்ணன் மாத்திரையை இரண்டு மாதம் போல விழுங்கினார். அப்புறம் ஒருநாள் பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. "அதான் சரியாயிடுச்சே" என்று நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிடுவதால்தான் இறங்கியிருக்கிறது, விட்டால் மறுபடியும் ஏறும் என்று நானும் போகும்போதெல்லாம் சொல்லுவேன். "நர்ஸு ஒருத்தி வீட்டுக்கு வந்தா வீடே ஆஸ்பத்திரி ஆயிடுது" என்று அண்ணியைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார்.

உப்பு விஷயத்தில் அவரிடம் இன்னொரு வாதமும் இருந்தது. உரித்த தோல் கெட்டுப்போகாமல் இருக்க அதன் மேல் உப்பை வாரிக் கொட்டி அடுக்குவார்கள். அவருடைய கிடங்கில் தோல் எவ்வளவோ அவ்வளவு உப்பும் குவிந்து கிடக்கும். "நான் நாள் பூரா பாக்கறேன் பாப்பா. உப்பு போட்ட தோலு மாசக்கணக்கா அப்படியே இருக்குது. உப்பு கம்மியாச்சுன்னா ரெண்டே நாள்ல நாறிடுது. உடம்புக்கும் அதானே?"

அண்ணி அதிகம் பேசாதவர். அடுப்படியிலிருந்து ஒரே ஒரு பதில் வரும்: "அது செத்த தோலுங்க."

அண்ணி ஒல்லி. எலும்பும் நரம்புமாக இருப்பார். ஆனால் வேலையில் எந்திரம். விடியுமுன் எழுந்து தண்ணீர் சேந்தி, மாவரைத்து, நான்கு பேருக்குச் சமைத்து, மத்தியானம் ஒரு பள்ளியில் தையல் டீச்சராகவும் போய்வருவார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது கோயில் ஆராதனையில் மட்டும்தான். அவருக்கு உடம்புக்கு ஏதாவது வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

இப்படியே சில வருடங்கள் போயின. அண்ணன் நாற்பத்தைந்தைத் தாண்டினார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை என்று பெல்ட் போட ஆரம்பித்தார். பெல்ட்டுக்குத் தோல் கேட்டால் ஊரில் பஞ்சமா? ஷாப் என்று எல்லோரும் சொல்லும் அந்த டேனரியிலிருந்தே வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு. அண்ணன் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு வியாபாரி எடை கூடட்டும் என்று தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தானாம். அண்ணன் அது தெரிந்தும் தெரியாதது போல, "வெயில் ஜாஸ்தியா இருக்கு, தோலைக் கொஞ்சம் வெளியே விரிச்சு வைப்பா, டீ குடிச்சிட்டு வந்து பேசலாம்" என்று அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போனாராம்.

"டீ குடிச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சு..." என்றவர், அதற்குப் பிறகு சொன்னது எனக்கு விளங்கவில்லை. வாயில் சோறு இருக்கிறது போல என்று நினைத்தேன். மறுபடியும் ஏதோ சொன்னார். குழறல். சோற்றை உருட்டிக்கொண்டிருந்த வலது கை தட்டிலேயே அப்படியே கிடந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அந்த ஓரத்தில் குழம்பு வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

வார்டில் எத்தனையோ பேரை இப்படிப் பார்த்தவள் நான். சட்டென்று எழுந்தேன். அவர் வாயிலிருந்ததை விரலால் எடுத்துவிட்டு, பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். "அண்ணா, என் கையைப் பிடி" என்றேன். இடது கை பிடித்தது. வலது கை பிடிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் அழ ஆரம்பித்தன. அண்ணி அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. என் கைக்குள் இருந்த அவர் விரல்கள் அசைந்தன. மெல்ல மெல்ல இறுக்கம் வந்தது. வாயும் நேரானது.

"இன்னாத்துக்கு எல்லாரும் இப்படிச் சுத்தி உக்காந்திருக்கீங்க?" என்றார் அண்ணன். வார்த்தை தெளிவாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தார். தட்டைத் தேடினார். "அசதி. ராத்திரி சரியாத் தூங்கல. சாப்ட்டுட்டு ஒரு தூக்கம் போட்டா போயிடும்."

"வேலூருக்குப் போகணும். இப்பவே" என்றேன்.

"அதான் சரியாப் போச்சே பாப்பா. நாளைக்கு வாலாஜாவுல லோடு வருது. பேஜார் பண்ணாத."

அப்போதுதான் அண்ணி எழுந்தார். தெருவில் இறங்கி நடந்தார். கொஞ்ச நேரத்தில் முதலாளி வீட்டு அம்பாசிடர் வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் அண்ணி. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூச்சப்பட்டவர், நேரே போய் முதலாளியின் மனைவியிடம் கார் கேட்டிருக்கிறார். இறங்காமல் உள்ளேயிருந்தபடியே சொன்னார்: "ஏங்க, வந்து ஏறுங்க. நீங்க ஏறலன்னா நான் மட்டும் போறேன். போய் டாக்டர்கிட்ட என் புருஷனுக்கு வாய் கோணிக்கிச்சு, ஆனா அவரு வரமாட்டேன்றாருன்னு சொல்லிட்டு வர்றேன்."

அண்ணன் ஏறிவிட்டார். கார் மாதனூரைத் தாண்டி, பள்ளிகொண்டா வந்தது. பிறகு அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று நிரூபிக்கிறவர் போல விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தோலெல்லாம் காய்ந்து எடை இறங்கிவிட்டதாம். அந்த வியாபாரி தராசையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தானாம். டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணீர் வந்தது. அண்ணனின் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக வருகிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். குள்ளமான உருவம், அவசரமில்லாத பேச்சு. கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். ரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசியாக என்னிடம், "ஒரு டேப் கொண்டு வாங்க சிஸ்டர்" என்றார். அண்ணனை நிற்கவைத்து, தொப்புளுக்கு நேராக வயிற்றைச் சுற்றி அளந்தார். பிறகு இடுப்பெலும்புக்குக் கீழே, பின்பக்கத்தைச் சுற்றி அளந்தார்.

"நாங்க தோலைத்தான் இப்படி அளப்போம் டாக்டரம்மா" என்றார் அண்ணன்.

"நான் தோலுக்கு உள்ளே இருக்கிறதை அளக்கறேன்" என்றார் அவர். "மொத்தத்துல எவ்வளவு எடைங்கறது மட்டும் விஷயமில்ல. எங்கே சேர்ந்திருக்குங்கறதும் விஷயம்னு இப்ப சொல்றாங்க. தொடையில, பின்பக்கத்துல இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். வயித்துக்குள்ள, குடலைச் சுத்திச் சேர்றது சும்மா இருக்கறதில்ல. சர்க்கரையை ஏத்தும், ரத்தத்துல கொழுப்பை ஏத்தும், பி.பி.யையும் ஏத்தும். உங்களுக்கு இடுப்பை விட வயிறு பெரிசா இருக்கு. பி.பி.யும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா இதயத்துக்கும் ஆபத்து, மூளைக்கும் ஆபத்து."

"ஆனா எனக்கு ஒரு வலியும் இல்லீங்களே. வலிச்சாத்தானே வியாதி?"

"பி.பி. வலிக்காது. அதுதான் அதோட கெட்ட குணம். உங்க ஷாப்புல மோட்டார் பம்பு இருக்கும் இல்ல? தண்ணி எப்பவும் அளவுக்கு மீறிய வேகத்துல போய்க்கிட்டே இருந்தா குழாய் என்ன ஆகும்?"

"ஜாயிண்ட்ல விட்டுக்கும். ரப்பர் குழாய்னா உப்பிடும், வெடிச்சிடும்."

"மோட்டார்?"

"சூடாகிப் போயிடும்."

"மோட்டார்தான் உங்க இதயம். அந்த அழுத்தத்துக்கு எதிரா தள்ளித் தள்ளி அது தடிச்சுப் போகும், ஒருநாள் ஓய்ஞ்சும் போகும். குழாய்தான் ரத்தக்குழாய். உள்சுவரு கெட்டு, அங்கே அழுக்குப் படிஞ்சு அடைக்கும். இல்ல, வெடிக்கும். மூளையில அது நடந்தா பக்கவாதம். இன்னைக்கு உங்களுக்கு அடைச்சது தானா விலகிடுச்சு. விலகாம நின்னிருந்தா உங்க வலது கையும் பேச்சும் திரும்பி வந்திருக்காது. நாளைக்கோ அடுத்த வாரமோ அந்தப் பக்கவாதம் வரலாம். வராமலே தடுக்கவும் செய்யலாம். அதுக்குத்தான் உங்களை இங்க வெச்சுக்கப் போறேன்."

அண்ணன் தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். விலை பேசும் விரல்கள். கதை சொல்லும் வாய். இரண்டும் போனால் தான் என்ன மிச்சம் என்று அவர் யோசித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. கையை மடியிலேயே வைத்தபடி, "மாத்திரையை நிறுத்தமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். யாரும் அவரிடம் கேட்கக்கூட இல்லை.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனதும் அண்ணியின் ராஜ்யம் ஆரம்பமானது. ஊறுகாய் ஜாடி பரண் மேல் போனது. அப்பளமும் கருவாடும் வீட்டுக்குள் வரவில்லை. குழம்பில் உப்பைப் பாதியாக்கி, புளியையும் மிளகையும் கூட்டிச் சமாளித்தார். பிள்ளைகள் முணுமுணுத்தன. அண்ணன் முணுமுணுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பெருமூச்சு விட்டார். "தோலுக்குப் போடற உப்புல ஒரு கைப்பிடி எடுத்துட்டு வந்தா என்ன" என்று ஒருநாள் கேட்டதற்கு அண்ணி முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சே அடங்கிப்போனது.

விடியற்காலை நடக்கவும் சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரு தோஸ்த் இருந்தார், வாணியம்பாடித் தோல் வியாபாரி. ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் பாய்தான். அவருடைய வயிறும் அண்ணனுடையதுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. நண்பனுக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பயந்து, அவரும் காலைத் தொழுகை முடிந்ததும் கூட நடக்க வந்துவிட்டார். இருவரும் பாலாற்றங்கரை வரை போய்த் திரும்புவார்கள். மாதம் ஒன்று ஆனது, இரண்டு ஆனது. பெல்ட் அதே ஓட்டையில்தான் மாட்டியது. நடந்தும் ஏன் குறையவில்லை என்று நானும் அண்ணியும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

துவைக்கும்போதுதான் அண்ணிக்குப் பிடிபட்டது. அண்ணனின் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. மறுநாள் அண்ணி அவர்களுக்குப் பின்னாலேயே போனார். ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, சூடான போண்டாவை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்கள். போகிற வழியில் மெல்வதற்கு, பேப்பரில் சுற்றிப் பையில் வேறு வைத்துக்கொண்டார்கள்.

அண்ணி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எதிரே போய் நின்றாராம், அவ்வளவுதான். "தங்கச்சி, நான் வேணாம்னுதான் சொன்னேன், உங்க வூட்டுக்காரருதான்..." என்று பாய் ஆரம்பிக்க, "டேய், யாருடா முதல்ல ஆர்டர் குடுத்தது?" என்று அண்ணன் எழுந்துவிட்டாராம்.

அதற்கடுத்த நாளிலிருந்து அண்ணியும் நடக்கப் போனார். செருப்புப் போட்டு அவ்வளவு தூரம் வேகமாக நடக்க முடியவில்லை. அண்ணியின் தம்பி மகள் ஒருத்தி மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்கு அனுப்ப லாயக்கில்லை என்று ஒதுக்கிய ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தாள். ஒரு கால் பழுப்பு, இன்னொரு கால் கொஞ்சம் சிவந்த பழுப்பு. சேலையைத் தூக்கிச் செருகி, அந்த ஷூவை மாட்டிக்கொண்டு அண்ணி முன்னால் நடப்பார். பின்னால் இரண்டு தொப்பைகளும் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வழக்கமாகிப்போய், "டீச்சர், இன்னிக்கு லேட்டு" என்று குரல் கொடுப்பார்கள்.

பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே வந்தது. வருட முடிவுக்குள் இன்னும் இரண்டு. வயிற்றின் மேல் கிளாஸ் நிற்காமல் சரிய ஆரம்பித்ததும் அண்ணன் ஒரு முக்காலி வாங்கினார். இதில் வேடிக்கை என்னவென்றால், உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். "இன்னாப்பா இப்படி இளைச்சிட்டே? சக்கரையா? டி.பி.யா?" என்று ஒரு சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிசம்பரில் சிவப்பு அங்கி தொளதொள என்று தொங்கியது. தலையணை வைத்துக் கட்டித்தான் கிறிஸ்துமஸ் தாத்தாவை மேடையேற்றினார்கள். அது பாதியில் நழுவி முழங்காலுக்கு வந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குத் தானே பி.பி. பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. நான் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். பட்டையைக் கட்டுவது, காற்றடிப்பது, மெல்ல இறக்குவது எல்லாம் உடனே வந்துவிட்டது. சத்தம் கேட்பதுதான் வரவில்லை.

"ஒண்ணும் கேக்கல பாப்பா. இது ரிப்பேரு."

"நீ பேசிக்கிட்டே இருக்கியே அண்ணா, எப்படிக் கேக்கும்? வாயை மூடினாத்தான் கேக்கும்."

வாயை மூட அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. கடைசியில் ஒருநாள் கண்கள் விரிய, "டொக், டொக்னு கேக்குது" என்றார். அப்புறம் வீட்டில் ஒரு கை மிச்சமில்லை. பாயின் கை, பிள்ளைகளின் கை, பால்காரரின் கை. ஒரு சனிக்கிழமை அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவரையும் ஈரக்கையோடு பிடித்து உட்காரவைத்துக் கட்டினார்.

நான் மறுநாள் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "பாப்பா, மெஷின் கெட்டுப்போச்சு. உங்க அண்ணிக்கு என்னை விட ஜாஸ்தி காட்டுது. மூணு தரம் பார்த்துட்டேன்."

நானே பார்த்தேன். கொஞ்சம் உட்காரவைத்து, பேச்சுக்கொடுக்காமல், இரண்டு கையிலும் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. அண்ணன் மாத்திரை தொடங்குமுன் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட இருந்தது அண்ணிக்கு.

"எனக்கா?" என்றார் அண்ணி. "நான் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கேன். எனக்கு எதுக்கு வரும்?"

அண்ணி அரிசிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கம்மாவும் இப்படித்தான் இருப்பாங்க. ஒரு நாள் ஆட்டுக்கல்லுல மாவாட்டிக்கிட்டே சாஞ்சிட்டாங்க. நாப்பத்தெட்டு வயசு. காத்துக் கருப்புன்னாங்க. யாரும் எந்த மெஷினும் வெச்சுப் பார்க்கல."

அவர் தன் தாயைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுக்கு வந்து போகிறேன். எல்லோருடைய கண்ணும் அண்ணனின் வயிற்றின் மேலேயே இருந்தது.

அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். இந்த முறை கார் கேட்கப் போனது அண்ணன். டாக்டரம்மா அண்ணியையும் டேப் வைத்து அளந்தார். சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தார். "வயிறு ஒரு வழி. ஒரே வழி இல்ல. சில குடும்பத்துல பி.பி. ரத்தத்தோட வரும், ஒல்லியா குண்டான்னு பார்க்காது. உங்களுக்கு இளைக்கிறதுக்கு ஒண்ணுமில்லம்மா. உப்பு கம்மி, மாத்திரை, நடை. அப்புறம் கொஞ்சம் உட்காரணும்."

"அது மட்டும் இவளுக்கு ஆவாது டாக்டரம்மா" என்றார் அண்ணன்.

ஆனால் ஆனது. அண்ணன் செய்தார் அதை. காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீரும் இருவருடைய மாத்திரையும் எடுத்துக்கொண்டு வருவார். அண்ணி விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைப் போட்டுக்கொள்வார். தண்ணீர் சேந்துவதைத் தானே எடுத்துக்கொண்டார். ஈசிசேரில் சாயங்காலம் அரைமணி நேரம் அண்ணிதான் உட்கார வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். முதல் வாரம் அண்ணி அதில் விறைப்பாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் நான் போனபோது அதிலேயே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்திராத காட்சி. எழுப்ப மனமில்லாமல் நானும் அண்ணனும் சத்தமில்லாமல் அடுப்படியில் காபி போட்டுக் குடித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அண்ணனின் வாய் கோணவில்லை, கை தளரவில்லை. அண்ணியின் அழுத்தமும் அடங்கியது. தன் தாய் போன வயதைத் தாண்டிய பிறந்தநாளுக்கு அண்ணி தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தார். காரணம் எங்கள் மூவருக்குத்தான் தெரியும்.

அண்ணன் அந்தக் கருவியை விடவில்லை. ஆராதனை முடிந்த பிறகு தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். டேனரி ஆட்கள், தையல் படிக்கிற பெண்களின் அம்மாக்கள், பாயின் கூட்டாளிகள் என்று வந்துகொண்டேயிருப்பார்கள். ஜாஸ்தியாக இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்காதுப்பா இது, அதனாலதான் சொல்றேன், டாக்டர்கிட்ட போயிடு" என்பார். சிலர் போனார்கள். போகாதவர்கள் வீட்டுக்கு அண்ணியை அனுப்பினார். அண்ணி போய் ஒன்றும் பேசாமல் நின்றாலே போதும் என்று அனுபவத்தில் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் எங்கள் சபைப் போதகரும் வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். நல்ல மனிதர், நல்ல கனம். அவருடைய பிரசங்கம் தொடங்கினால் மத்தியானச் சோறு ஆறிப்போகும். அண்ணன் காற்றடித்தார், வாயை மூடிக்கொண்டு கேட்டார், காதிலிருந்து கழற்றினார்.

"ஜாஸ்திதான் ஐயா. நாளைக்கே வேலூர் போய்க் காட்டிடுங்க. உப்பைக் குறைங்க, காலையில எங்களோட நடக்க வாங்க. அப்புறம், பிரசங்கத்தையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

"பிரசங்கத்தையுமா? அது டாக்டர் சொல்றதா?"

"இல்லீங்க ஐயா, அது சபை சொல்றது."

போதகர் தொப்பை குலுங்கச் சிரித்தார். மறுநாள் வேலூர் பஸ் ஏறினார், மாத்திரை வாங்கினார், அந்த வாரத்திலிருந்தே அவர்களுடைய நடைக் கூட்டத்திலும் சேர்ந்துகொண்டார். பிரசங்கம் மட்டும் குறையவில்லை.